விரைவுக் குறியீடு: மணற்கோட்டிலிருந்து மாமல்லைக் கடைவீதி வரை

விரைவுக் குறியீடு என்பது கறுப்பு, வெள்ளைச் சிறுகட்டங்களால் ஆன சதுர வடிவத் தகவல் குறியீடு ஆகும். மக்கள் வழக்கில் இது கியூஆர் கோடு எனப்படுகிறது. 1994-ஆம் ஆண்டு ஜப்பானில் வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண்பதற்காக உருவாக்கப்பட்டது. இன்று கடைகளில் பணம் செலுத்தவும், பாடநூலிலிருந்து காணொளியைத் திறக்கவும், தொடர்வண்டிச் சீட்டு எடுக்கவும் பயன்படுகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இதைக் காணாத தெரு இல்லை எனலாம். மாமல்லபுரத்துச் சிற்பக் கடைகளிலும், கோவளத்து மீன் விற்பனைத் தட்டுகளிலும், செங்கல்பட்டு நிலையச் சுவரிலும், அரசுப் பள்ளி மாணவரின் புத்தகப் பையிலும் இது இருக்கிறது. ஆயினும் எல்லாச் சதுரங்களும் ஒன்றுபோல் இயங்குவதில்லை. சில உடனே திறக்கின்றன; சில எத்தனை முறை காட்டினாலும் திறப்பதில்லை; வேறு சில திறந்தும் வெற்றுப் பக்கத்தையே காட்டுகின்றன. இந்த வேறுபாட்டின் காரணங்களைக் குறியீட்டின் வரலாற்றிலிருந்தே அறியலாம்.

பட்டைக் குறியீடு: முன்னோடி

விரைவுக் குறியீட்டின் முன்னோடி பட்டைக் குறியீடு. அமெரிக்காவைச் சேர்ந்த நார்மன் ஜோசப் உட்லண்ட், பெர்னார்ட் சில்வர் ஆகிய இருவரும் இதன் கருத்தை உருவாக்கினர். மளிகைக் கடையில் பொருள்களின் விலையைத் தானாகப் பதிவு செய்ய ஒரு வழி தேடிக்கொண்டிருந்த உட்லண்ட், மயாமிக் கடற்கரையில் அமர்ந்திருந்தபோது மோர்ஸ் தந்திக் குறிகளின் புள்ளியையும் கோட்டையும் நினைத்து, விரல்களை மணலில் பதித்து இழுத்தார். தடித்தும் மெலிந்தும் கோடுகள் உருவாயின. அதுவே பட்டைக் குறியீட்டின் தொடக்கம். இதற்கான காப்புரிமை 1952-இல் வழங்கப்பட்டது.

எனினும், கோடுகளைப் படிக்க ஏற்ற ஒளிக்கருவியும் கணிப்பொறியும் மலிவாகக் கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலம் டிராய் நகரக் கடையொன்றில் ஒரு சூயிங்கம் பொட்டலம் முதன்முதலாகப் பட்டைக் குறியீட்டின் வழியே விற்பனை செய்யப்பட்டது.

பட்டைக் குறியீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அது தகவலை இடமிருந்து வலமாக, ஒரே திசையில் மட்டும் சுமக்கிறது. மேலிருந்து கீழாக உள்ள உயரம் தகவல் எதையும் தருவதில்லை. எனவே ஏறத்தாழ இருபது எழுத்துகளுக்கு மேல் அதில் அடக்குவது கடினம்.

டென்சோ நிறுவனத்தின் சதுரம்

டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த டென்சோ நிறுவனம் வாகன உதிரிபாகங்களைச் செய்து வந்தது. உதிரிபாகங்களின் வகை பெருகப் பெருக, ஒரு பெட்டியின் மீது பல பட்டைக் குறியீடுகளை ஒட்ட வேண்டியதாயிற்று. தொழிலாளர்கள் ஒவ்வொன்றாக அவற்றைப் படிக்க வேண்டியிருந்ததால் நேரம் வீணாகியது, உடலும் சோர்ந்தது. இச்சிக்கலைத் தீர்க்கும் பணி மசாஹிரோ ஹாரா என்னும் பொறியாளரிடம் வந்தது. அவர் 1992-இல் ஆய்வைத் தொடங்கினார்.

ஹாரா ஓய்வு நேரத்தில் ‘கோ’ என்னும் பலகை ஆட்டம் ஆடுவது வழக்கம். கட்டங்களின் மீது கறுப்பு, வெள்ளைக் காய்களை வைக்கும் அந்த ஆட்டமே, தகவலை நீளம், அகலம் என இரு திசையிலும் பரப்பலாம் என்ற எண்ணத்தை அவருக்குத் தந்தது.

அடுத்த கேள்வி, பல எழுத்துகளும் படங்களும் உள்ள ஒரு தாளில் இந்தச் சதுரம் எங்கே இருக்கிறது என்பதைக் கருவி எப்படிக் கண்டுகொள்ளும் என்பது. ஹாராவின் குழு செய்தித்தாள்கள், இதழ்கள், துண்டறிக்கைகள், அட்டைப் பெட்டிகள் முதலியவற்றில் உள்ள அச்சை ஆராய்ந்து, கறுப்பும் வெள்ளையும் எந்த விகிதத்தில் மிக அரிதாக வருகின்றன என்று கணக்கிட்டது. 1:1:3:1:1 என்பதே அவ்வாறு கிடைத்த விகிதம். விரைவுக் குறியீட்டின் மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்கள் இந்த விகிதத்தில் அமைந்தவை. எந்தப் பக்கம் திரும்பி இருந்தாலும், தலைகீழாகவே இருந்தாலும் கருவி அவற்றை அடையாளம் கண்டுவிடுகிறது.

1994-இல் குறியீடு வெளியிடப்பட்டது. காப்புரிமை டென்சோவிடம் இருந்தபோதிலும், தரத்தைப் பின்பற்றுவோர் மீது அவ்வுரிமையைச் செலுத்துவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. குறியீடு உலகெங்கும் பரவியதற்கு இந்த முடிவு முதன்மைக் காரணமாகும். 2000-ஆம் ஆண்டில் இது ஐஎஸ்ஓ 18004 என்னும் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. 2002 முதல் ஜப்பானியக் கைப்பேசிகளிலும், 2017 முதல் ஐபோனின் கேமராவிலும் தனிச் செயலி இன்றியே இதைப் படிக்கும் வசதி வந்தது.

சதுரத்தின் உள்ளமைப்பு

குறியீட்டின் மிகச் சிறிய அலகு சிறுகட்டம். மிகச் சிறிய விரைவுக் குறியீட்டில் பக்கத்துக்கு 21 சிறுகட்டங்களும், மிகப் பெரியதில் 177 சிறுகட்டங்களும் இருக்கும். இடையில் மொத்தம் 40 அளவுகள் உண்டு. ஒவ்வோர் அளவிலும் பக்கத்துக்கு நான்கு கட்டங்கள் கூடும். பெரிய அளவில் 7,089 எண்கள் வரை அடக்க முடியும்.

மூன்று மூலைச் சதுரங்களைத் தவிர, அளவைக் காட்டும் புள்ளிக் கோடுகளும், வளைந்த பரப்பில் சரிசெய்ய உதவும் சிறு சதுரங்களும் உள்ளே இருக்கின்றன. இவை யாவற்றையும் சுற்றி நான்கு சிறுகட்ட அகலத்துக்கு வெற்று விளிம்பு இருக்க வேண்டும் என்று தரம் கூறுகிறது. இந்த விளிம்பும் குறியீட்டின் ஓர் உறுப்பே. அது இல்லையேல் குறியீடு எங்கே தொடங்குகிறது என்பது கருவிக்குத் தெரியாமல் போகக்கூடும்.

பிழைதிருத்தம்

தொழிற்கூடத்தில் எண்ணெயும் அழுக்கும் படிவது இயல்பு. எனவே ஒரு பகுதி அழிந்தாலும் முழுச் செய்தியும் கிடைக்கும்படி குறியீடு வடிவமைக்கப்பட்டது. இதற்கு இர்விங் ரீட், குஸ்டவ் சாலமன் ஆகிய இரு கணிதவியலாளர்கள் 1960-இல் வெளியிட்ட முறை பயன்படுகிறது. குறுந்தகடுகளில் கீறல் விழுந்தாலும் பாட்டு தடைபடாமல் ஒலித்ததற்கும் இதே முறைதான் காரணம்.

முறையின் அடிப்படை எளிது. செய்தியுடன், அச்செய்தியிலிருந்தே கணக்கிட்ட சில கூடுதல் எண்களும் சேர்த்து எழுதப்படுகின்றன. சில எண்கள் அழிந்தால் மீதமுள்ளவற்றைக் கொண்டு அவற்றை மீட்டுவிடலாம். விரைவுக் குறியீட்டில் நான்கு நிலைகள் உள்ளன. எல் நிலையில் ஏறத்தாழ 7 விழுக்காடும், எம் நிலையில் 15 விழுக்காடும், கியூ நிலையில் 25 விழுக்காடும், எச் நிலையில் 30 விழுக்காடும் சேதத்தை மீட்கலாம்.

பாதுகாப்பு கூடினால் கட்டங்களின் எண்ணிக்கையும் பொதுவாகக் கூடும். 30 எழுத்துள்ள ஓர் இணைய முகவரியை எடுத்துக்கொள்வோம். எல் நிலையில் பக்கத்துக்கு 25 கட்டங்கள் போதும். எம் நிலையில் 29 கட்டங்கள் வேண்டும். கியூ நிலையிலும் அதே 29 கட்டங்கள்தாம். எச் நிலையில் அது 33 ஆகிறது. இந்த எடுத்துக்காட்டில் எம் நிலையை விட்டுக் கியூ நிலையைத் தேர்ந்தால், இடம் கூடாமலேயே பாதுகாப்பு கூடுகிறது. குறியீடு செய்வோர் நிலையை மாற்றி மாற்றிப் பார்த்துக் கட்டங்களை எண்ணுவது இதனால் பயன் தரும்.

இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். பிழைதிருத்தம் தகவல் பகுதிக்கு மட்டுமே உரியது. மூன்று மூலைச் சதுரங்களுக்கு அந்தக் காப்பு இல்லை. நடுவில் கறை படிந்த குறியீடு திறந்துவிடலாம். மூலை கிழிந்த குறியீடு திறக்காமல் போகலாம்.

இந்தியாவில் பரவல்

இந்தியாவில் விரைவுக் குறியீட்டைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது பணப் பரிமாற்றமே. இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016-இல் யுபிஐ முறையை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. சில்லறை கிடைக்காத அந்த மாதங்களில், கருவி எதுவும் வாங்காமல் ஒரு தாளை மட்டும் ஒட்டிப் பணம் பெறும் வழி சிறு வணிகர்களைக் கவர்ந்தது. 2017 பிப்ரவரியில் பாரத் கியூஆர் என்னும் பொதுவான தரம் வெளியிடப்பட்டது.

தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் செயலியில் மட்டும் திறக்கும் குறியீட்டைத் தந்தது. ஒரே கடையில் நான்கைந்து அட்டைகள் தொங்கின. 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, தனி நிறுவனங்களுக்கு மட்டும் உரிய புதிய குறியீடுகளைத் தடை செய்து, 2022 மார்ச் 31-க்குள் எல்லாச் செயலிகளிலும் திறக்கும் பொதுக் குறியீட்டுக்கு மாறும்படி ஆணையிட்டது. இன்று மாமல்லபுரத்து இளநீர்க் கடையில் ஒரே அட்டை போதுமானதாக இருப்பதற்கு இந்த ஆணை காரணம்.

போக்குவரத்திலும் இதன் பயன் பெரிது. சென்னைக் கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு வழித்தடத்தின் புறநகர் வண்டிப் பயணிகள் யூடிஎஸ் செயலியைக் கொண்டு, நிலையத்தில் ஒட்டப்பட்டுள்ள சதுரத்தை ஸ்கேன் செய்து சீட்டு எடுக்கப் பழகினர். அந்தச் சதுரம் ‘பயணி இந்த நிலையத்தில் இருக்கிறார்’ என்ற ஒரே செய்தியைச் சொல்கிறது. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள் ஆகியவற்றுக்கான நுழைவுச்சீட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் இணைய வழியில் பெறலாம். அவ்வாறு பெறும் சீட்டிலும் விரைவுக் குறியீடே சான்றாக இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில்

பள்ளிக் கல்வியில் இக்குறியீட்டைக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர் மகாராட்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தின் ஊராட்சிப் பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே. பாடநூல் பக்கங்களில் குறியீட்டை இணைத்து ஒலிப்பாடங்களையும் காணொளிகளையும் மாணவர்களுக்கு வழங்கினார். 2020-இல் பத்து இலட்சம் டாலர் கொண்ட உலக ஆசிரியர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்குப் பகிர்ந்தளித்தார்.

தமிழ்நாட்டில் பாடத்திட்டம் திருத்தப்பட்டு, 2018–19 கல்வியாண்டில் 1, 6, 9, 11-ஆம் வகுப்புகளுக்குப் புதிய நூல்கள் வந்தன. மற்ற வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டில் வந்தன. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் அச்சிட்ட இந்நூல்களில் பாடங்களோடு சதுரங்கள் இடம்பெற்றன. ‘விரைவுக் குறியீடு’ என்ற சொல் மாணவர்களிடையே பரவியதும் இந்நூல்கள் வழியாகவே. அதைப் பயன்படுத்தும் முறையும் நூல்களின் முற்பகுதியில் விளக்கப்பட்டிருந்தது.

நடுவண் அரசு 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய தீக்‌ஷா தளத்துடன் இணைந்த பாடநூல்களில் சிறந்த ஏற்பாடு ஒன்று உண்டு. சதுரத்தின் கீழ் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சிறு குறியும் அச்சிடப்பட்டிருக்கும். சதுரம் கறைபட்டாலும், கேமரா பழுதாக இருந்தாலும், அந்த ஆறு குறிகளைத் தட்டச்சு செய்து பாடத்தைத் திறக்கலாம். கருவி தோற்கும் இடத்தில் மாணவர் தோற்கக் கூடாது என்ற எண்ணம் இதில் தெரிகிறது. திறன்பேசி மாலையில் தந்தை வேலையிலிருந்து திரும்பிய பின்பே கைக்கு வரும் வீடுகளில், முதல் முயற்சியிலேயே பாடம் திறப்பது ஒரு சிறு வசதி அன்று. அன்றைய படிப்பே அதைப் பொறுத்தது.

பாடநூல் அச்சில் சில சிக்கல்களும் உண்டு. நூலின் தையல் ஓரத்தில் வைத்த சதுரம், பக்கம் வளைவதால் படிக்கக் கடினமாகிறது. மேலட்டையில் வைத்தால் பழுப்புத் தாள் அட்டை போட்டவுடன் மறைந்துவிடுகிறது. மலிவுத் தாளில் மை பரவிச் சிறுகட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடுகின்றன. எனவே பாடப்பக்கத்தின் வெளி ஓரத்தில், போதிய அளவில் அச்சிடுவதே பயன் தரும்.

தமிழ் எழுத்தும் கட்டங்களின் எண்ணிக்கையும்

விரைவுக் குறியீடு ஜப்பானில் பிறந்ததால் ஜப்பானிய எழுத்துகளுக்கெனத் தனி முறை அதில் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கும் எண்களுக்கும் சிக்கனமான முறைகள் உண்டு. தமிழுக்கு அவ்வாறு தனி முறை இல்லை. தமிழ் எழுத்துகள் யூனிகோடு முறையில் பைட்டுகளாக எழுதப்படுகின்றன. ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும்.

‘செங்கல்பட்டு’ என்ற சொல்லைக் காண்போம். கண்ணுக்கு ஏழு எழுத்துகள். ஆனால் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறியும் யூனிகோடில் தனித்தனிக் குறிகள். எனவே மொத்தம் 12 குறிகள், அதாவது 36 பைட்டுகள். எம் நிலையில் இதற்குப் பக்கத்துக்கு 29 கட்டங்கள் வேண்டும். இதே ஊர்ப்பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதினால் 21 கட்டங்களே போதும்.

இணைய முகவரியில் தமிழ் வந்தால் இன்னும் நீளும். உலாவியிலிருந்து தமிழ் முகவரியை நகலெடுக்கும்போது ஒவ்வொரு யூனிகோடு குறியும் விழுக்காட்டுக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக ஒன்பது எழுத்துகளாக மாறுவதுண்டு. ‘செங்கல்பட்டு’ மட்டும் 108 எழுத்துகள் ஆகிவிடும். தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரியில் அதற்கு முன்னுள்ள 30 எழுத்துகளையும் சேர்த்தால் 138. இதைப் பைட் முறையில் எம் நிலையில் அடக்க 49 கட்டங்கள் வேண்டும். ஒரே அளவுத் தாளில் 49 கட்டங்களை அடைத்தால் ஒவ்வொரு கட்டமும் சிறுத்துவிடும்; பழைய திறன்பேசிகள் திணறும்.

தமிழைக் கைவிட வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. முகவரியைக் குறுகியதாக வைத்துக்கொண்டு, சதுரத்துக்குக் கீழே அது எதைத் திறக்கும் என்பதைத் தமிழில் தெளிவாக அச்சிட வேண்டும் என்பதே பொருள்.

அச்சில் பழுதின்றி இயங்க

இன்று எவரும் இணையத்தில் சில நொடிகளில் விரைவுக் குறியீடு செய்துகொள்ளலாம். திருமண அழைப்பிதழில் மண்டபத்தின் வழியைக் காட்டவும், கோயில் விழா அறிவிப்பில் நன்கொடை பெறவும், விடுதிகளில் உணவுப் பட்டியலைக் காட்டவும் மக்கள் தாமே செய்கின்றனர். வண்ணமும் சின்னமும் சேர்த்து அழகுபடுத்தவும் விரும்புகின்றனர். இயங்காத குறியீடுகளில் பெரும்பாலானவற்றின் குறை பின்வரும் ஏதேனும் ஒன்றில் இருக்கும்.

*விளிம்பு.* 29 கட்டங்கள் கொண்ட குறியீட்டை 29 மில்லிமீட்டரில் அச்சிட்டால் ஒரு கட்டம் ஒரு மில்லிமீட்டர். சுற்றிலும் நான்கு மில்லிமீட்டர் வெற்றிடம் தேவை. ஆக மொத்தம் 37 மில்லிமீட்டர். அழைப்பிதழின் பூவேலைப்பாடு இந்த விளிம்புக்குள் நுழையக் கூடாது.

*நிறம்.* கேமராவுக்கு வேண்டியது நிற வேறுபாட்டைவிட ஒளி வேறுபாடே. வெள்ளையின் மேல் அடர்நீலமோ அடர்பச்சையோ நன்றாக இயங்கும். மஞ்சளின் மேல் ஆரஞ்சு கண்ணுக்கு அழகாக இருந்தாலும் கருவிக்கு இரண்டும் ஒன்றே. கட்டங்கள் அடர்ந்தும் பின்னணி வெளிறியும் இருக்க வேண்டும். இதைத் தலைகீழாக்கினால் சில செயலிகள் படிக்கும், சில படிக்காது.

*அளவு.* எவ்வளவு தொலைவிலிருந்து ஸ்கேன் செய்வார்களோ, அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும் என்பது நடைமுறை விதி. கையில் பிடிக்கும் தாளுக்கு இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. மூன்று மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும் பலகைக்கு 30 சென்டிமீட்டர் தேவை. கட்டங்களின் எண்ணிக்கை கூடினால் அகலத்தையும் கூட்ட வேண்டும்.

*சின்னம்.* நடுவில் சின்னம் வைப்பது பிழைதிருத்தத்தின் பங்கைச் செலவிடுவதாகும். அதனால் எச் நிலையைத் தேர்ந்து, சின்னத்தைப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குள் அடக்குவது நலம். முப்பது விழுக்காடு மீட்கலாம் என்பதற்காக முப்பது விழுக்காட்டையும் சின்னத்துக்கே கொடுத்தால், பிறகு விழும் ஒரு கீறலைத் தாங்கவும் இடமிராது. படத்துக்கென்றே நடுவில் இடம் விட்ட பிரேம் கியூஆர் என்ற வகையை டென்சோ வேவ் நிறுவனம் 2014-இல் வெளியிட்டது.

*கோப்பு.* அச்சகத்துக்கு எஸ்விஜி அல்லது பிடிஎஃப் வடிவில் கோட்டோவியக் கோப்பாகத் தர வேண்டும். திரையைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கினால் கட்டங்களின் ஓரம் மங்கிவிடும். நீளத்தை மட்டும் இழுத்துப் பெரிதாக்குவதும் தவறு.

*பொருள்.* கடலோரத்தில் வெயிலும் உப்புக் காற்றும் அச்சை வெளிறச் செய்கின்றன. பளபளப்பான பிளாஸ்டிக் உறை நண்பகல் வெயிலில் கண்ணாடிபோல் மின்னிக் கட்டங்களை மறைக்கிறது. மங்கலான மேற்பூச்சு உள்ள தகடோ அட்டையோ இவ்விடத்துக்கு ஏற்றது. வெளிறிய ஒட்டியைக் காலத்தே மாற்றுவதும் வேண்டும்.

மாமல்லபுரத்துச் சிற்பிகளுக்கு இதில் தனியே ஒரு செய்தி உண்டு. மெருகேற்றிய கருங்கல் பலகை இருண்டு மின்னும். உளி பட்ட இடம் வெளிறிச் சாம்பல் நிறமாகும். பெயர்ப் பலகையில் எழுத்துகளைச் செதுக்குவதுபோல் குறியீட்டின் கறுப்புக் கட்டங்களைச் செதுக்கினால் ஒளி தலைகீழாகிவிடும். கறுப்பாக இருக்க வேண்டிய கட்டங்களை மெருகோடு விட்டுவிட்டு, வெள்ளைக் கட்டங்களையும் சுற்று விளிம்பையும் செதுக்குவதே சரியான முறை. மெருகில்லாத ஒரே நிறக் கல்லில் ஆழமாக வெட்டினாலும் பயனில்லை. கருவி ஆழத்தைப் பார்ப்பதில்லை, ஒளியைத்தான் பார்க்கிறது.

திரையில் பயன்படுத்தும்போது

இணையப் பக்கத்திலோ வாட்ஸ்அப் செய்தியிலோ வரும் குறியீட்டுக்கு வேறு ஒரு சிக்கல் உண்டு. பார்ப்பவர் கையில் இருப்பதே திறன்பேசி; அதன் திரையை அதன் கேமராவால் பார்க்க முடியாது. எனவே திரையில் குறியீட்டைத் தரும்போது, தொட்டவுடன் திறக்கும் இணைப்பையும் அருகிலேயே தர வேண்டும். வகுப்பறைத் திரையிலோ கணினியிலோ காட்டுவதற்குக் குறியீடு ஏற்றது.

இருள்நிறத் தோற்றத்தைப் பலர் பயன்படுத்துகின்றனர். பின்னணி இல்லாத படமாகக் குறியீட்டைச் சேமித்திருந்தால், அத்தோற்றத்தில் விளிம்பு கறுத்துச் சதுரம் கரைந்துவிடும். வெள்ளைப் பின்னணியுடன் பிஎன்ஜி வடிவில் சேமிப்பது பாதுகாப்பானது. அச்சுக்கானாலும் திரைக்கானாலும், வெளியிடுவதற்கு முன் குறைந்தது இரண்டு மூன்று வகைத் திறன்பேசிகளில் சோதிக்க வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் பழையதாக இருப்பது நல்லது.

முகவரி மறைதல்

சதுரம் பழுதின்றி இருந்தும் பக்கம் திறக்காமல் போவது உண்டு. காரணம் சதுரத்தில் இல்லை; அது சுட்டும் இடத்தில் இருக்கிறது. குறியீடு இரு வகைப்படும். ஒன்று, சேர வேண்டிய முகவரியையே நேராகச் சுமப்பது. மற்றொன்று, இடையில் உள்ள ஒரு நிறுவனத்தின் சிறு முகவரியைச் சுமந்து அங்கிருந்து திருப்பி விடுவது. இரண்டாம் வகையில் அச்சிட்ட பிறகும் சேருமிடத்தை மாற்றலாம் என்பது நன்மை. ஆனால் இலவசக் காலம் முடிந்தாலோ, நிறுவனம் மூடப்பட்டாலோ, அச்சிட்ட அத்தனைச் சதுரங்களும் ஒரே நாளில் பயனற்றுப் போகும். கூகுள் நிறுவனமே தன் முகவரிச் சுருக்கச் சேவையை 2019-இல் நிறுத்தியது. பயன்பாடின்றிக் கிடந்த பழைய சுருக்கங்களை 2025-இல் செயலிழக்கச் செய்வதாகவும் அறிவித்தது. எனவே நெடுநாள் நிற்க வேண்டிய பலகைகளிலும் நூல்களிலும் தமக்கே உரிய, மாறாத முகவரியைப் பயன்படுத்துவதே முறை.

இதற்கு நல்ல முன்மாதிரி வேல்ஸ் நாட்டின் மான்மவுத் நகரம். 2012-இல் அந்நகரின் வரலாற்று இடங்களிலும் கடைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறியீட்டுப் பலகைகளும் ஒட்டிகளும் வைக்கப்பட்டன. ஸ்கேன் செய்பவரின் திறன்பேசி எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியின் விக்கிப்பீடியாக் கட்டுரை திறக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. பல நாட்டவரும் வந்து செல்லும் மாமல்லபுரம் போன்ற ஊருக்கு இம்முறை பொருந்தும். தமிழருக்குத் தமிழிலும் பிரெஞ்சுக்காரருக்குப் பிரெஞ்சிலும் ஒரே சதுரம் பேசும்; ஆனால் அந்தந்த மொழியில் நல்ல கட்டுரை முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஏமாற்றும் பாதுகாப்பும்

சதுரத்தைக் கண்ணால் பார்த்து அது யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. கடைக்காரரின் ஒட்டியின் மேல் வேறொருவர் தம் ஒட்டியை ஒட்டிச் செல்லும் மோசடி பல நாடுகளில் நடந்துள்ளது. காலையில் கடை திறக்கும்போது ஒட்டியைத் தடவிப் பார்ப்பதும், தாமே ஒரு முறை ஸ்கேன் செய்து பெயரைச் சரிபார்ப்பதும் வணிகருக்குக் காவல். பணம் அனுப்புவோரும் திரையில் வரும் பெயரைப் படித்த பிறகே இரகசிய எண்ணை இட வேண்டும். பணம் பெறுவதற்கு எந்தச் சதுரத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, இரகசிய எண்ணையும் இட வேண்டியதில்லை. ‘உங்களுக்குப் பணம் வரும், இதை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று யார் சொன்னாலும் அது ஏமாற்றே.

சாளுவன்குப்பம் தரும் பாடம்

மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் பல்லவர் காலத்து அதிரணசண்ட மண்டபம் உள்ளது. அதன் எதிரெதிர்ச் சுவர்களில் ஒரே வடமொழிப் பாடல்கள் கிரந்தத்திலும் நாகரியிலுமாக இரு எழுத்துகளில் வெட்டப்பட்டுள்ளன. ஓர் எழுத்தை அறியாதவர் மற்றொன்றில் படிக்கலாம். ஒரு பக்கம் சிதைந்தால் மறுபக்கம் துணை நிற்கும். விரைவுக் குறியீட்டிலும் எந்தப் பிழைதிருத்த நிலை பயன்பட்டது என்னும் குறிப்பு இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. முக்கியமான செய்தியை ஒரே இடத்தில் நம்பி வைக்கக் கூடாது என்பது இரண்டிலும் ஒன்றே.

அதே ஊரில் 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் வெளிப்பட்ட பாறைக் கல்வெட்டுகள், அங்கே ஒரு முருகன் கோயில் இருந்ததைத் தெரிவித்தன. 2005-இல் தொல்லியல் துறை அகழ்ந்தபோது மணலுக்கு அடியில் அக்கோயில் வெளிப்பட்டது. பல நூற்றாண்டுகள் மண்மூடிக் கிடந்தும் அந்தக் கல்வெட்டைப் படிக்க முடிந்தது. காரணம், அது தன் செய்தியைத் தன்னிடமே வைத்திருந்தது.

இணைய முகவரியைச் சுமக்கும் விரைவுக் குறியீடு அப்படிப்பட்டதன்று. செய்தி வேறெங்கோ இருக்கிறது. சதுரம் வழியை மட்டும் காட்டுகிறது. முப்பது விழுக்காடு சிதைந்தாலும் மீளும் ஆற்றலை ஹாராவின் குழு அதற்குக் கொடுத்தது. ஆனால் அது சுட்டும் பக்கம் மறைந்தால் எந்தப் பிழைதிருத்தமும் அதை மீட்காது. ஆகவே பாடநூலானாலும், நினைவுச் சின்னத்தின் பலகையானாலும், கடையின் அட்டையானாலும், சதுரத்தின் அருகே முதன்மையான செய்தியை நான்கு வரியில் எழுத்தாகவும் அச்சிட்டு வைப்பது கடமையாகும். திறன்பேசி இல்லாதவருக்கு அது இன்றே உதவும். சதுரம் இயங்காத நாளில் எல்லோருக்கும் உதவும்.